சண்டைக்குப் போகாத உருண்டை

அந்தப் பட்டறையில் செய்த பல்செட்டுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால், ஊர் மொத்தமும் வாய்விட்டுச் சிரித்த பிறகும் கால்வாசி மிச்சமிருக்கும். அதில் பாதியைச் செய்தவனை வீட்டில் 'உருண்டை' என்பார்கள். நாற்பது வயதாகியும் அந்தப் பெயர் இளைக்கவில்லை. அவன் மெழுகில் ஒரு ஈறு செய்து வைத்தால் கொசு ஏமாந்து கடித்துவிட்டுப் போகும். அவ்வளவு கைத்திறன்.

மதியம் சாப்பாட்டு டப்பாவுக்கு முன்னால் ஃபோனைத் திறப்பான். பழைய ஜந்து பிடிக்கிற விளையாட்டு ஒன்றை அதன் ரசிகர்களே பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். ஆறு ஜந்துகளை வைத்துக்கொண்டு, அலை அலையாக வரும் எதிரிகளோடு இருநூறு அலை சண்டை போட வேண்டும். ஆறும் சாய்ந்தால் தீர்ந்தது கதை, மறுபடி முதல் அலை.

அவன் மேசை இழுப்பறையில் ஒரு நீல டப்பா இருந்தது. உள்ளே அப்பாவின் பல்செட். சாப்பிடும்போது கழன்று விழுகிறது என்று கொடுத்திருந்தார். அச்சுகூட எடுத்தாயிற்று, பாக்கி நாற்பது நிமிஷ வேலை. "ரெண்டு நாள்ல தரேம்பா" என்று வாங்கி வந்து மூன்று வாரம். தனியாக இருந்த அப்பா ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விழுங்கிக்கொண்டிருந்தார்.

தினமும் மதியம் அவர் ஃபோன் செய்வார். பல் என்னாச்சு என்றால் "ம்". சாப்பிட்டியா என்றால் "ம்". ஒருநாள், "அப்படி என்னடா ஆடுற?" என்று கேட்டதற்கு மட்டும் பத்து நிமிஷம் பதில் வந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், எந்தப் பக்கம் வழி விட்டிருக்கிறது என்று தெரியாதா? மறுநாளே தன் ஃபோனிலும் அதே விளையாட்டைத் திறந்துவிட்டார்.

"டேய், சேத்துத் தவளை ஒண்ணு மாட்டிருக்கு. வெச்சுக்கவா, விட்டுடவா?"

"எத்தனாவது அலைப்பா?"

"பதினொண்ணு. நேத்து பத்துலயே என்னைப் பொட்டலம் கட்டிட்டானுங்க."

"ஆறாவதா என்ன வெச்சிருக்கீங்க?"

"அது… சின்னதா ஒண்ணு. எல்லா ஆட்டத்துலயும் மொதல்ல அதைத்தான் எடுப்பேன். சண்டைக்கு மட்டும் அனுப்ப மாட்டேன்."

"அப்புறம் எதுக்குப்பா அது? எடத்தை அடைச்சுக்கிட்டு! அஞ்சை வெச்சுக்கிட்டு எப்படி ஜெயிப்பீங்க? தூக்கிப் போடுங்க."

"இருந்துட்டுப் போகட்டும்டா. அது பாட்டுக்கு உக்காந்திருக்கு."

அப்பாவுக்கு விளையாடவே தெரியவில்லை என்று பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்தான் உருண்டை.

ஒரு வியாழக்கிழமை அவன் நூற்றுத் தொண்ணூற்றாறாவது அலையில் இருந்தான். அதுவரை அங்கே போனதே இல்லை. அப்பாவின் அழைப்பு வந்தது. விரலால் தள்ளினான். மறுபடி வந்தது, தள்ளினான். மூன்றாவதும் அப்படியே. பிறகு அக்காவின் அழைப்பு. அதற்கும் அதே விரல். நாற்பது நிமிஷத்தில் இருநூறாவது அலையை முடித்துவிட்டு, நாற்காலியை எட்டி உதைத்து எழுந்தான். இந்த வெற்றியைச் சொன்னால் புரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. அப்பாவைக் கூப்பிட்டான்.

அக்கா எடுத்தாள். "நெஞ்சு வலிக்குதுன்னு உன்னைத்தான்டா மொதல்ல கூப்பிட்டிருக்காரு. அப்புறந்தான் என்னை. நான் ஓடி வந்து சேர்றதுக்குள்ள போயிட்டாருடா."

உருண்டை இழுப்பறையைத் திறந்து நீல டப்பாவை எடுத்தான். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் செய்தும், அந்த வேலை நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவின் வாயில் வைத்தான். பிறவிப் பல்லே அவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்காது.

"பிரமாதம்டா," என்றாள் அக்கா. "கடிக்கத்தான் ஆளில்ல."

பிறகு அப்பாவின் ஃபோனை அவன் கையில் கொடுத்தாள். "இதையும் நீயே வெச்சுக்கோ. ஆட்டத்துல ஆறாவதா இருக்குற குட்டிக்கு உன் பேரைத்தான் வெச்சிருந்தாரு. அஞ்சும் விழுந்தா அதைத்தானே எறக்கணும்? எறக்காம ஆட்டத்தையே கலைச்சுடுவாரு. 'என் புள்ள அடி வாங்குறதை நான் பாக்கணுமாக்கும்'பாரு. அப்படியே நாப்பது, அம்பது ஆட்டம் தோத்திருப்பாரு."

ஒரு மாதம் கழிந்தது. பட்டறையில் பக்கத்து மேசை மெருகுக்காரர் தன் ஃபோனைப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டார். "அம்மா. இன்னைக்கு இது மூணாவது தடவை. அப்புறம் பேசிக்கலாம்."

"எடுங்கண்ணே," என்றான் உருண்டை. "ஆட்டத்துல தோத்தா மொத அலைலேர்ந்து ஆடிக்கலாம். பெத்தவங்ககிட்ட அது நடக்காது. அவங்க கூப்பிடுறப்பவே எடுத்துடணும். அப்புறம் நாம கூப்பிட்டா எடுக்க ஆள் இருக்காது."

மெருகுக்காரர் ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

உருண்டை விளையாடுவதை விட்டுவிட்டான். ஆனால் அப்பாவின் ஃபோனுக்குத் தினமும் சார்ஜ் போடுகிறான். அதில் ஆட்டம் முப்பத்து நான்காவது அலையில் நிற்கிறது. நான்கு ஜந்துகள் சாய்ந்து கிடக்கின்றன. ஐந்தாவதாகச் சேற்றுத் தவளை, குற்றுயிராக நின்றுகொண்டிருக்கிறது. ஆறாவது இடத்தில் உருண்டை, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல்.