உப்பங்கழியில் ஒரு வரப்பு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அலையாத்திக் காட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்று ஓர் இதழாசிரியரிடம் போனில் சொன்னேன். "உங்க செந்துறையில மழைத் தண்ணியே நிக்காது. கடல் எங்கேருந்து வந்துச்சு சார்?" என்று சிரித்தார். கடலோரத்துக்காரர்கள்தான் கடலை எழுதவேண்டும் என்று யார் பட்டா போட்டுக் கொடுத்தது? ஆகவே எழுதுகிறேன்.

முதல் வரி: நீலக் கடல் ஆர்ப்பரித்துக்கொண்டு

வேண்டாம். நான் கடலைப் பார்த்தது இரண்டே முறை.

2

பூமாலையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் தெருப் பெண், நாற்பது வயது, சோளக் கொல்லையிலும் பருத்திக் கொல்லையிலும் உழைத்தவர். போன வருடம் பதினைந்து பெண்களோடு கடலோரத்துக்கு மண்வேலைக்குப் போனார். அழிந்த அலையாத்திக் காட்டைத் திரும்ப வளர்க்க, கழியிலிருந்து வாய்க்கால் வெட்டி ஓரங்களில் கன்று நடும் வேலை. கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரவேண்டும். இறங்கும்போது வெளியே போகவேண்டும்.

[இங்கே காட்டின் பயன்கள் பற்றி ஒரு பக்கம் இருந்தது. பூமாலை சொன்னதைக் கேட்டபின் கிழித்துவிட்டேன்: "காடு நின்னா அலை வேகம் கொறைஞ்சுதான் வூட்டாண்ட வரும். வேருக்குள்ள இறாலு, நண்டுக் குஞ்செல்லாம் வளரும். அத வச்சுதான் அந்த ஊரு அடுப்பு எரியுது."]

3

தவறு பூமாலையுடையதுதான். தன் பங்கு வாய்க்காலில் தண்ணீர் வடிந்து ஓடுவதைப் பார்த்தார். மனசு பொறுக்கவில்லை. ஓடும் மழைத் தண்ணீரை நிறுத்தியே பழகிய மானாவாரிக் கை, யாரையும் கேட்காமல் வாய்க்கால் வாயில் வரப்புக் கட்டிவிட்டது. நின்ற தண்ணீர் வெயிலில் காய்ந்து உப்புப் பூத்தது. இருநூறு கன்றும் கருகின. (இதை மறைக்க நினைத்தேன். "எழுதுங்க, நாந்தான செஞ்சேன்" என்றார்.)

அந்த இடத்துக்கு நேர் பின்னால் நண்டு பிடிக்கும் அம்பிகாவின் வீடு. முந்தைய புயலில் கடல் அதன் பின்சுவரைக் கொண்டுபோயிருந்தது. அம்பிகா பூமாலையைத் திட்டவில்லை. அதைத்தான் பூமாலையால் தாங்க முடியவில்லை.

வேலையை மேற்பார்த்த பிரேம்குமார், "புஞ்சை ஆளுங்களுக்கு இது சரிப்படாது. இந்த எடத்த விட்டுருவோம், ஊருக்குப் போங்கம்மா" என்றார்.

"நான் கெடுத்தத நானே நட்டுட்டுதான் போவேங்க."

"கூலி தர முடியாது."

"கேட்டனா?"*

மற்றவர்கள் பஸ் ஏறினார்கள். பூமாலை வரப்பை வெட்டித் திறந்தார். உப்புக் கழுவிப் போகும்வரை அம்பிகா வீட்டில் தங்கினார். பிறகு இருவருமாகக் கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் காய்களைப் பொறுக்கி வந்து மீண்டும் நட்டார்கள். அதன் பிறகுதான் பூமாலை ஊர் திரும்பினார்.

* இங்கே நான் ஒரு நீண்ட வசனம் எழுதி வைத்திருந்தேன். இந்த ஒரு சொல்லுக்கு முன்னால் அது நிற்கவில்லை.

4

முடிவு ஒன்று: புயல் வருகிறது, காடு வீட்டைக் காக்கிறது. பொய். செடி இன்னும் முழங்கால் உயரம்தான்.

முடிவு இரண்டு: கன்றுகள் மறுபடி கருக, பூமாலை தோற்று ஊர் திரும்புகிறார். இதைப் பூமாலைக்குப் படித்துக் காட்டியபோது, "செடி நிக்குது. நீங்க ஏன் சார் சாய்க்கிறீங்க?" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

போன வாரம் அம்பிகா அவரைப் போனில் அழைத்தாராம். வாய்க்காலில் விரல் நகமளவு நண்டுக் குஞ்சுகள். இடிந்த பின்சுவரை அதே இடத்தில், கடலைப் பார்த்தபடி, மறுபடி கட்டத் தொடங்கிவிட்டார். கல் எடுத்துக் கொடுக்கப் பூமாலை போயிருக்கிறார்.

"சுவர் நிக்குமா சார்? முடிவு எங்க?" என்கிறார் இதழாசிரியர்.

செடி வளரவேண்டும், அலை வரவேண்டும். அதற்குள் நான் ஒரு முடிவைக் கட்டினால் பூமாலை செய்த தவறையே செய்தவனாவேன். ஆகவே கதையின் வாயைத் திறந்தே விட்டிருக்கிறேன். வாசகரே, உங்களுக்கு அவசரமென்றால் நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள். கன்று கருகினால் நீங்கள்தான் திரும்ப நடவேண்டும், கூலியில்லாமல்.