நாற்காலியில் இருப்பவர் பக்கம்

போர் மூன்றாம் வருடத்தில் நுழைந்தபோது அந்த சலூனில் வெட்டிய முடியைவிடப் பேசிய பேச்சுதான் அதிகம். ஓய்வுபெற்ற தபால்காரர், நம் பக்கம்தான் ஜெயிக்கும் என்று சத்தியம் செய்வார். "மழைக்கு முன்னாடி முடிச்சுடுவாங்க, பாத்துக்கிட்டே இருங்க."

"எந்த வருசத்து மழைங்க?" என்று மளிகைக்கடைக்காரர் மடக்குவார். எதிராளியிடம் ஆளும் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது என்பது அவர் கட்சி. பள்ளிக்கூட வாத்தியாரோ, ஜெயிப்பதற்கு இரண்டு பக்கத்திலும் யாரும் மிஞ்ச மாட்டார்கள் என்பார்.

சலூன்காரர் யாரோடும் மல்லுக்கு நின்றதில்லை. நாற்காலியில் இருப்பவர் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" போடுவார். அவர் இறங்கி அடுத்தவர் ஏறினால் அவருக்கும் ஆமாங்க. ஒருவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது என்பது தொழில் பழகிய நாளில் அவர் மண்டையில் ஏறிய பாடம். ஆமாஞ்சாமி என்றே அவரைக் கூப்பிட்டார்கள். "உங்க கடையில மட்டும்தாங்க ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் ஜெயிக்குது" என்று வாத்தியார் சீண்டினால், அதற்கும் ஆமாங்கதான்.

அன்று அவர் மனைவி திரைக்குப் பின்னால் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை மட்டும்தான் அங்கே இருந்தது, காது கடையில் இருந்தது. ஆள் சேர்ப்பு அலுவலகத்துக் குமாஸ்தா சவரத்துக்கு வரும் நாள். அவர்கள் பிள்ளைகள் இருவரில் பெரியவன் போர்முனைக்குப் போனதிலிருந்து சேதியே இல்லை. இப்போது சின்னவனின் வயதுக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். குமாஸ்தா மனசு வைத்தால் அவனை உள்ளூர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தூக்கப் போடலாம்.

"ஒருத்தன் போயிட்டான், இவனையாவது இங்கேயே போடுங்கன்னு கேளுங்க. வேற எதுவும் பேச வேண்டாம்" என்று காலையிலிருந்து புருஷனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவரும் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்திருந்தார். நன்றாகத்தான் வந்தது.

குமாஸ்தா வந்தார், உட்கார்ந்தார், தாடையைத் தூக்கிக் கொடுத்தார். பிரஷ் நுரையைக் குழைக்கும் சத்தம் கேட்டது.

"சார், ஒரு விஷயம்..."

"இருப்பா, முதல்ல இதைக் கேளு. ஜெயிக்கவே முடியாதுன்னு வாத்தியாருங்கள்லாம் பேசித் திரியறாங்களாமே. இன்னும் ஒரு தள்ளு. எதிராளி குப்புற விழுந்துடுவான்."

"ஆமாங்க."

"ஆனா தள்ளறதுக்கு ஆள் வேணுமே. வீட்டுக்கு ஒருத்தன் போயிட்டா போதும்னு நினைக்கிறாங்க. அது தப்புதானே?"

திரைக்குப் பின்னால் அவள் கை நின்றுவிட்டது. இப்பச் சொல்லுங்க, இப்பதான் என்று மனசுக்குள் அவரைப் பிடித்து உலுக்கினாள்.

"ஆமாங்க, தப்புதான்."

"உனக்கும் இன்னொருத்தன் இருக்கான்ல?"

"ஆமாங்க."

"அனுப்பறதுல ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

"ஆமாங்க... சங்கடம் இல்லீங்க."

அவள் திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மடித்த துண்டைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"சார், யார் ஜெயிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. யார் வேணா ஜெயிக்கட்டும். பெரியவன் இருக்கானா இல்லையான்னே தெரியலை. சின்னவனையாவது இங்கேயே ஆஸ்பத்திரியில போட்டுக் கொடுங்க."

பெஞ்சில் இருந்த தபால்காரர் செய்தித்தாளை இறக்கினார். குமாஸ்தா திரும்பவில்லை, கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். "என்னப்பா, யார் வேணா ஜெயிக்கட்டும்ங்கறாங்க உன் வீட்டுல. நீயும் அப்படித்தானா?"

சலூன்காரரின் கத்தி காதோரத்தில் அப்படியே நின்றது. பிறகு, அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார். "இல்லீங்க... அதாவது, அவ கேக்கறது நியாயம். பையனை அனுப்ப எனக்கு இஷ்டமில்லீங்க."

குமாஸ்தாவுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. நுரையோடு சிரித்தார். "தபால்காரருக்கு ஆமா, மளிகைக்காரருக்கு ஆமா, எனக்கு ஆமா. இப்ப பொண்டாட்டிக்கு ஆமா. உன் பேச்சை வெச்சு நான் மேலிடத்துல என்னன்னு சொல்றது? அப்பா சம்மதிச்சாரா இல்லையான்னு கேட்டா?"

தபால்காரர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இந்தக் கன்னம் பாக்கி இருக்கு பாரு" என்றார் குமாஸ்தா.

சலூன்காரர் கத்தியைத் துடைத்தார். அந்தக் கன்னத்தையும் மழித்தார். கீறல் விழவில்லை.

அவள் கொல்லைப்புறம் போனாள். சின்னவன் துண்டுகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தான்.

"என்னம்மா, கேட்டாரா அப்பா? என்ன சொன்னாரு?"

அவள் அவன் கையிலிருந்த துண்டின் மறுமுனையைப் பிடித்தாள். "எப்பவும் சொல்றதுதான்டா சொன்னாரு."

இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் முறுக்கினார்கள். சொட்டு நின்ற பிறகும் அவள் விடவில்லை.