கதவுக்கு வாரிசு கிடையாது

பெங்களூரு பீண்யாவில் லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில், கதவை இயக்கும் நிரலை எழுதியவள் சைத்ரா உடுப்பா. 'கதவு' என்ற நிரல் வார்ப்பின், அவர்கள் பாஷையில் கிளாஸின், தலையில் 'ஃபைனல்' என்று ஒரு சொல்லைப் போட்டிருந்தாள். அதாவது, யாரும் அதற்கு வாரிசு கிளாஸ் உண்டாக்கி, உள்ளே இருப்பதை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அந்த ஒரு சொல்லால் அவளுக்குக் கஞ்சப்பிசினாரி என்ற பட்டம் கிடைத்தது.

பட்டம் கொடுத்தவன் ப்ரமோத். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் ஏறும்வரை கதவு கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். அதை எழுதுவது அவன் வேலை. நேரே மேனேஜர் குல்கர்ணியிடம் போனான்.

"சார், இவங்க சொத்துல யாரும் பங்கு கேக்கக் கூடாதாம்!"

குல்கர்ணிக்குச் சுதந்திரம் என்றால் உயிர், அடுத்தவர் வேலையில் மட்டும். "ஏன்மா பூட்டி வெச்சிருக்கே? எடுத்துடு."

"சார், நடுவுல ஆள் நிக்கறாங்களான்னு பாத்துட்டுத்தான் மூடணும். அதை யாராவது மாத்திட்டா..."

"நம்ம பசங்க மேல நம்பிக்கை வை."

வைத்தாள்; 'ஃபைனலை' எடுத்தாள். ப்ரமோத் தன் வாரிசு கிளாஸில் 'மூடு' என்ற கட்டளையைப் புதிதாக எழுதினான். கதவு அழகாகக் காத்திருந்தது. ஆள் பார்க்கும் வரியைத்தான் மறந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்னால், லிஃப்ட் வாசலில் நின்று குல்கர்ணி பாதுகாப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கையில், கதவு அவர் தொந்தியை இரு பக்கமும் அணைத்துக்கொண்டது.

"லேய் ப்ரமோதா! எடுடா இதை!"

சைத்ரா ஓடிப்போய் அவசரப் பொத்தானை அமுக்கினாள். சிரிப்பு வந்தது; அங்கே ஒரு நோயாளி இருந்திருந்தால் என்ற நினைப்பில் பாதியில் நின்றது.

மறுநாள் புது உத்தரவு வந்தது: கம்பெனியின் அத்தனை கிளாஸையும் பூட்டவும்.

"சார், எல்லாத்தையும் பூட்டினா காப்பியடிப்பாங்க."

"நீதானேம்மா பூட்டணும்னே!"

அப்படியேதான் ஆனது. ப்ரமோத் 'கதவை' முழுசாக நகலெடுத்துக் 'கதவு இரண்டு' ஆக்கினான். பக்கத்து மேசைக்காரன் அதை நகலெடுத்துப் 'புதுக்கதவு' என்றான். மூலத்தில் சைத்ரா திருத்திய பிழை, நகல்களில் சௌக்கியமாக வாழ்ந்தது.

கடைசியில் அவள் யாரையும் கேட்காமல் உட்கார்ந்தாள். மூடும் வேலையைப் பூட்டியே வைத்தாள். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை மட்டும் வாரிசுகளுக்குத் திறந்துவிட்டாள்.

"இவ்ளோதானா? இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?" என்றான் ப்ரமோத்.

அதில் உண்மை இருந்ததுதான் எரிச்சல். "நீயும் அப்பவே என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல, குரு?" என்றாள், பெங்களூரில் சிநேகிதனை அழைக்கிற பாணியில்.

ப்ரமோத் எழுதிய ஒரே வரியில் ஆஸ்பத்திரிக் கதவு முடிந்தது. குறைந்த வரிகளில் வேலையை முடித்ததற்கான பாராட்டு ப்ரமோதுக்குப் போனது. பூட்டவும் வேண்டும், திறக்கவும் வேண்டும் என்று தான் ஆதியிலிருந்தே சொல்லிவந்ததாக, டிபனோடு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் குல்கர்ணி பேசினார். சைத்ரா கைதட்டவில்லை. கையில் உப்புமாவும் கேசரியும் சேர்ந்த சௌசௌ பாத் தட்டு இருந்தது; நல்ல காரணம்.