அக்காவுக்கு விற்க மறுத்த சைக்கிள்

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் வாய்தான் காரணம். ஒரு சைக்கிள் கடையில், "எவ்வளவு தூரம் ஓட்டப் போறீங்க?" என்று அக்காவைக் கேட்டார்கள். "சும்மா பக்கத்துலதான், காய்கறி வாங்க" என்று நான் பதில் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதித் தீர்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "இளவெயில் கண்ணாடிக் கதவில் வழிந்துகொண்டிருக்க, அவள்..."

(வேண்டாம். அன்று மழை. இருவரும் தெப்பலாக நனைந்திருந்தோம்.)

இரண்டாவது: "ஐம்பத்தாறு வயதில் ஒரு பெண்..."

(அக்கா படித்தால் கிழித்துப் போடுவாள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். முப்பது வருடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று அடுத்தவர்களுக்குச் சொன்னவள், ஓய்வு பெற்ற வாரமே, மகள் இருக்கும் ஊருக்குச் சைக்கிளில் போகப்போவதாக அறிவித்தாள். எட்டு நாள் பயணம். போன வருடம்தான் முழங்காலில் அறுவை சிகிச்சை. அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். மகள் போனில் அழுதாள். தம்பியான நான் மட்டும் ஆதரித்தேன்.

(பொய். மனசை மாற்றிவிடலாம் என்றுதான் கூடப் போனேன்.)

என் பதிலுக்குப் பிறகு அந்தக் கடைக்காரர் என்னிடமே பேசினார். கூடை வைத்த சைக்கிளைக் காட்டினார். அக்கா மழையில் இறங்கி நடந்தாள்.

3

இரண்டாவது கடை ஒரு சந்துக்குள். எண்ணெய்க் கறை படிந்த கையோடு கடைக்காரம்மா எழுந்து வந்தார். "எங்க போகணும்?" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

"உங்களைக் கேக்கலைங்க சார்."

"மகளைப் பாக்கப் போறேன். எட்டு நாள் ஆகும்," என்றாள் அக்கா.

"என்னென்ன சாமான் எடுத்துட்டுப் போறீங்கக்கா?"

கூடாரம், சின்ன அடுப்பு, மாற்றுத்துணி, முழங்கால் பட்டை. அக்கா மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அதுவரை வீட்டில் யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

சுவரோரம் ஒரு பச்சைச் சைக்கிள். எஃகு ஃபிரேம், முன்னும் பின்னும் பை மாட்டக் கேரியர், மேடு ஏற இலகுவான கியர். அக்காவின் கண் அதைவிட்டு நகரவில்லை. கடைக்காரம்மா அவளை ஏற்றி உட்காரவைத்து, கை எட்டுவதையும் முழங்கால் மடங்குவதையும் குனிந்து பார்த்தார்.

"இதைத் தரமாட்டேன்க்கா."

"ஏன்?"

"உங்களுக்குப் பெரிய சைஸ். சீட்டை இறக்கி உங்க தலையில கட்டிடலாம். ஆனா ஹேண்டில்பாரை எட்டி எட்டிப் பிடிச்சு மூணாம் நாள் தோள் போயிடும். பாலத்துக்கு அந்தப் பக்கக் கடையில இதே வண்டி சின்ன சைஸ்ல இருக்கு. எடுத்து வைக்கச் சொல்றேன்."

"உங்களுக்குச் சொந்தக்காரரா?"

"போட்டிக்காரன்! பேசியே ரெண்டு வருஷமாச்சு," என்றபடி போனை எடுத்தார்.

4

இந்த இடத்தில்தான் பத்திரிகை ஆசிரியனான என் நண்பன் பென்சிலால் சுழித்தான். "வந்த வியாபாரத்தை யாருடா விடுவா? நம்புற மாதிரி ஒரு காரணம் வை."

வைத்துப் பார்த்தேன். கடைக்காரம்மாவின் தாய்க்கும் முழங்கால் வலி என்றேன். ஒரு வரைவில் போட்டிக்காரர்மேல் பழைய காதல்கூட— (மன்னிக்கவும்.) ஏமாற்றுபவனிடம் நாம் காரணம் கேட்பதில்லை. நல்லது செய்தவரைத்தான் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறோம். எல்லாக் காரணங்களையும் அடித்துவிட்டேன். அளவு பொருந்தவில்லை, விற்கவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

5

பாலத்துக்கு அப்பால் இருந்த சைக்கிள் பழுப்பு நிறம். அக்கா தெருமுனைவரை போய்த் திரும்பினாள். "எனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குடா."

அதைக் கடைக்காரம்மாவிடமே கொண்டுபோய், மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டவும் பிரேக் சரிசெய்யவும் பழகினாள். அத்தான் தினமும் டயரை அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தார். அவர் சம்மதிக்கும் விதம் அது.

கிளம்பும் காலையில், "அன்னிக்கு உனக்குப் பதிலா நான் பேசினது தப்புக்கா," என்றேன்.

"விடுடா. நீ ஒழுங்காப் பேசியிருந்தா அந்த முதல் கடையிலயே எதையாவது வாங்கித் தொலைச்சிருப்பேன்."

6

இன்று ஐந்தாம் நாள். இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் மகள் வாசலுக்கு ஓடிவருகிறாள். மற்றதில் முழங்கால் வீங்கி, அக்கா பஸ்ஸில்...

மத்தியானம் அவளே கூப்பிட்டாள். முதல் முடிவைப் படித்துக் காட்டினேன்.

"அதுக்குள்ள கொண்டுபோய்ச் சேத்துட்டியா? நான் இன்னும் பாதி மேட்டுல நின்னு தண்ணி குடிச்சிட்டிருக்கேன். வைடா, ஏறணும்."

இரண்டையும் அடித்துவிட்டேன். மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எதிர்க்காற்று மட்டும் வைக்காதீர்கள்.