பட்டவன் தானே சொல்ல வேண்டும்

நடந்துகொண்டேயிருக்கிறார்கள், ஒற்றை வரிசையில், முதுகை வளைத்து, முன்னால் போகிறவனின் குதிகாலைப் பார்த்தபடி, மரப்பாலத்தை நோக்கி, தொலைநோக்கியின் வட்டத்துக்குள் ஒருவர் வந்து மறைய அடுத்தவர் வருகிறார், மயூரதன் ஈரப் புதருக்கு அடியில் வயிறு நனையக் கிடந்து எண்ணுகிறான், ஏழு, எட்டு, ஒன்பது, எண்ணும்போதே வரிசை நீண்டுவிடுகிறது, ஒருவர் தலையில் சாக்கு, ஒருவர் இடுப்பில் குழந்தை, ஒரு சைக்கிளின் இரண்டு கைபிடியிலும் பைகள் தொங்குகின்றன, இல்லை, இங்கே சைக்கிள் இல்லை, இது இங்கிலாந்து, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி, அறுநூறு பேர் பச்சை, மண்நிறம் என்று இரண்டு படையாகப் பிரிந்து நேற்றுக் காலையிலிருந்து ஒருவரையொருவர் பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டு விளையாடும் காடு, அந்த ஒன்பது பேரும் மண்நிறப் படை, நாளைக்கு வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருப்பார்கள். ஒரு மணிக்குள் அவர்களில் ஒருவன் பாலத்தைக் கடந்து இந்தக் கரையில் கால் வைத்தால் மண்நிறம் வென்றது, வைக்காவிட்டால் பச்சை, அதைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் பச்சைப் படையின் ஸ்னைப்பரான மயூரதன் காலை ஏழு மணியிலிருந்து சாக்குக் கீலங்களைத் தைத்த உடுப்புக்குள் ஒரு குப்பைமேடு மாதிரிக் கிடக்கிறான், பக்கத்தில் கிடந்து தூரமும் காற்றும் சொல்கிறவர் கிரஹாம், அடுத்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, குறட்டை விடாத நேரங்களில் நல்ல துணை.

கிரஹாம்தான் நான்கு வருஷத்துக்கு முன் அவனை இந்த விளையாட்டுக்கு இழுத்து வந்தவர். முதல்நாள் விதிகளைச் சொன்னார், ஆறு மில்லிமீற்றர் வெள்ளைக் குண்டு, சாயம் ஒட்டாது, அடையாளம் வைக்காது, ஓர் உளுந்தை விட்டெறிந்த மாதிரிச் சுள்ளென்று ஒரு கணம், அவ்வளவுதான், வேறு எவனுக்கும் தெரியாது, ஆகவே பட்டவன் தானே சொல்ல வேண்டும், கையை உயர்த்தி ஹிட் என்று கத்தி, சிவப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, பின்னால் இருக்கிற கூடாரத்துக்குப் போய்ப் பத்து நிமிஷம் செத்திருக்க வேண்டும், பிறகு எழும்பி வரலாம், பட்டும் சொல்லாதவனோடு இங்கே ஒருவரும் தேநீர்கூடக் குடிக்கமாட்டார்கள் என்றார். அன்றைக்கு மயூரதன் அந்தக் கூடாரத்துக்குப் போய்ப் பார்த்தான், இருபது முப்பது செத்தவர்கள் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டு, யார் எங்கே எப்படிச் செத்தோம் என்று சிரித்துக் கதைத்துக்கொண்டு இருந்தார்கள், பத்து நிமிஷம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் காற்சட்டை மண்ணைத் தட்டிவிட்டு எழும்பிப் போனார்கள், அவன் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதான், கிரஹாம் அதை மகரந்த ஒவ்வாமை என்று நினைத்து மாத்திரை கொடுத்தார். அதன்பின் ஒரு நிகழ்வையும் அவன் விட்டதில்லை. சண்டையில செல்லடிக்குத் தப்பி வந்த மனுசன் துவக்கோட காட்டுக்குள்ள போய்ப் படுக்கிறார், இதை நான் ஆரிட்டச் சொல்லி அழ, என்று அவனுடைய மனைவி நிருபா ஒவ்வொரு முறையும் கேட்பாள், கேட்டுக்கொண்டே சோற்றுப் பொதி கட்டித் தருவாள். செத்தவர்கள் எழும்பி வருகிற வேறு இடம் எதுவும் எனக்குத் தெரியாது என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கும், சொன்னதில்லை, சொல்லாமல் இருப்பதில் அவனுக்கு நல்ல பழக்கம்.

வெள்ளிக்கிழமை அம்மா போன் எடுத்தாள், கிளிநொச்சியிலிருந்து, தங்கை துளசிகாவுக்கு ஆவணியில் கல்யாணம், கார்ட் அடிக்கிற அச்சகத்துக்குத் திங்கட்கிழமை எழுத்துக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரியாகத்தான் ஒரு விஷயம் கேட்டிருக்கிறார்கள், பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவதா, போடாமல் விடுவதா. அம்மா இன்றைக்கும் நெற்றியில் ஒரு சதக் காசளவு பொட்டு வைக்கிறவள், போர் முடிந்து வீடு திரும்பிய நாளிலிருந்து ஒரு இரவுகூட வெளியில் தங்காதவள், மகனுடைய கல்யாணத்துக்கு விசா கிடைத்தும், அவர் வந்து பாக்கேக்க படலை பூட்டிக் கிடந்தா என்ன செய்வார், என்று கேட்டு நின்றுவிட்டவள், அந்த அம்மா வெள்ளிக்கிழமை கொஞ்சம் களைத்த குரலில் சொன்னாள், நீ சொல்லு தம்பி, அப்பாவைக் கடைசியாப் பாத்தது நீதானே, போடுறதோ விடுறதோ, நீ சொல்லுறதுதான். யோசிச்சுத் திங்கள் சொல்லுறன் என்றான். இதில யோசிக்க என்ன கிடக்கு என்றாள், அது கேள்வியா வேண்டுதலா என்று அவனுக்கு விளங்கவில்லை, இரண்டு நாளாக அதைத்தான் சாக்கு உடுப்புக்குள் வைத்துக்கொண்டு கிடக்கிறான்.

கிரஹாம் ஐம்பத்தைந்து மீற்றர் என்று முணுமுணுக்கிறார், காற்று இடதுபக்கத்தால், வரிசையின் முன்னால் வந்த தாடிக்காரனின் நெஞ்சில் வெள்ளைக் குண்டு போய் விழுவதை மயூரதன் வட்டத்துக்குள் பார்க்கிறான், தாடிக்காரன் ஹிட் என்று கத்திச் சிரித்துக் கையை உயர்த்துகிறான், வரிசை நிற்கவில்லை, வரிசைகள் நிற்பதில்லை, அன்றைக்கும், பதினாறு வருஷத்துக்கு முன் போரின் கடைசி நாட்களில், முன்னால் விழுந்தவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், அம்மா முன்னால், ஐந்து வயதுத் துளசிகா அவள் இடுப்பில், பின்னால் அப்பா சைக்கிளை உருட்டுகிறார், பதின்மூன்று வயது மயூரதன் கரியரைப் பிடித்துத் தள்ளுகிறான், அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர், அவ்வளவு அவதியிலும் சேர்ட்டின் மேல் பொத்தானைக்கூடப் பூட்டியிருந்தார். எங்கோ பின்னால் ஒரு செல் விழுந்து வெடித்தது, எல்லோரும் குனிந்து நிமிர்ந்தார்கள், அப்பா நிமிரும்போது இடதுகை வயிற்றில் இருந்தது. அப்பா, என்றான். அப்பா திரும்பிப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், கழுத்தில் கிடந்த துவாயை எடுத்து மடித்துச் சேர்ட்டுக்குக் கீழே வைத்துச் சாரத்தை அதன்மேல் இறுக்கிக் கட்டினார், கடையில் சீனிப் பை கட்டுவதுபோல் ஒழுங்காகக் கட்டினார், பிறகு குனிந்து அவன் காதுக்குள் சொன்னார், அம்மாட்டச் சொல்லாத, சொன்னா அவ நிண்டிடுவா.

எவ்வளவு தூரம் நடந்தார்கள், அரை மைல் இருக்குமா, அவன் கனவுகளில் அந்தத் தூரம் ஒவ்வொரு வருஷமும் கூடிக்கொண்டு போகிறது, அப்பாவின் நடை தளர்ந்தது, சைக்கிள் ஒருபக்கம் சரிந்து சரிந்து போனது, அம்மா திரும்பித் திரும்பிப் பேசினாள், கெதியா நடவுங்கோ, என்ன ஆடி அசைஞ்சு வாறியள், பிள்ளையளைக் கரை சேக்கிற எண்ணம் இல்லையோ உங்களுக்கு, வாழ்க்கை முழுக்க இப்பிடித்தான், என்று அம்மா பேசப் பேச அப்பா, வாறன் வாறன், என்று சிரித்தார், அந்தச் சிரிப்பை மயூரதன் பக்கவாட்டில் பார்த்தான், சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது, சொல்லாதே என்றவர் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். கவிழ்ந்து கிடந்த ஓர் உழவு இயந்திரப் பெட்டியடியில் அப்பா சைக்கிளை அவன் கையில் கொடுத்தார், செருப்பு அறுந்திட்டுது, கட்டிக்கொண்டு வாறன், நீங்கள் நடவுங்கோ, என்று முன்னால் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார், அறுந்தா எறிஞ்சுபோட்டு வாங்கோ, என்றாள் அம்மா, திரும்பாமல். சைக்கிளின் இடது கைபிடி ஈரமாக இருந்தது, அதைத் தன் சேர்ட்டால் துடைத்துவிட்டுப் பிடித்தான். முதல்முறை திரும்பியபோது அப்பா பெட்டியில் சாய்ந்து கால்களை நீட்டி இருந்தார், இரண்டு செருப்பும் அறாமல் காலிலேயே இருந்தன, இரண்டாம்முறை திரும்பியபோது ஒருபக்கமாகச் சரிந்து முகம் மண்ணில் கிடந்தது, ஒருவர் அவர்மேல் கால் படாமல் விலகிப் போனார், மூன்றாம்முறை திரும்புவதற்கு அவனுக்குத் துணிவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம், கரை சேர்ந்தபிறகு அம்மா வருகிறவர்களையெல்லாம் மறித்து மேல் பொத்தான் பூட்டின ஒருவரைக் கண்டீர்களா என்று கேட்டுக்கொண்டு நின்றாளே, அப்போது சொல்லியிருக்கலாம், ஆனால் அவள் அவ்வளவு நம்பிக்கையோடு கேட்டாள், நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தான், நாளை முகாமாயிற்று, முகாம் வருஷமாயிற்று, ஒருநாள் பிந்தினதைச் சொல்லலாம், ஒரு வருஷம் பிந்தினதை எந்த வாயால் சொல்வது. பிறகு படிவங்கள் வந்தன, அந்த விசாரணை, இந்த விசாரணை என்று, வீட்டில் கையெழுத்து அழகாக உள்ளவன் அவன்தான், அம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல அவன் நிரப்பினான், காணாமற்போனவர் பெயர், கடைசியாகக் கண்ட இடம், கடைசியாகக் காணும்போது உடல்நிலை, அந்த இடத்தில் அம்மா, நல்ல சுகத்தோட இருந்தவர் எண்டு எழுது, என்பாள், அவன் எழுதுவான், ஏழு படிவங்களில் ஏழு தடவை, நல்ல சுகம், குண்டு குண்டான எழுத்தில், காயம் எதுவுமில்லை. அவளை இத்தனை வருஷமாகப் படலைக்குள் பூட்டி வைத்திருப்பது அந்தக் கையெழுத்துதான், இது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியாள் என்று கிரஹாம் சொல்கிறார், மற்றவர்களை நம் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், அந்த மெலிந்தவனைப் போடு, வரிசையின் வாலில் பையோடு ஒருவன் வருகிறான், கண்ணாடி போட்டவன், மயூரதன் மூச்சைப் பாதி விட்டு நிறுத்திச் சுடுகிறான், வெள்ளைக் குண்டு வளைந்து போய் இடுப்புப் பட்டிக்கு மேலே படுகிறது, மெலிந்தவன் ஒருமுறை உடல் துடித்து நிற்கிறான், இடதுகை வயிற்றுக்குப் போகிறது, இந்தப் பக்கம் பார்க்கிறான், அந்தப் பக்கம் பார்க்கிறான், ஒருவரும் பார்க்கவில்லை, கையை உயர்த்தவில்லை, வாயைத் திறக்கவில்லை, வயிற்றில் கையை வைத்தபடியே நடக்கிறான். களவாளி, பட்டும் போகிறான், இன்னொன்று போடு என்று கிரஹாம் பல்லைக் கடிக்கிறார், அடுத்த குண்டு ஏற்றியாயிற்று, ஆனால் வட்டத்துக்குள் அந்தக் கை மட்டும்தான் இருக்கிறது, வயிற்றை அமத்திப் பிடித்த கை, பாலத்துக்கு இருபது அடி இருக்குமா, பதினைந்து, விரல் மடங்கவில்லை, மயூரதன் எழும்பிவிட்டான், ஐந்து மணி நேரம் அசையாமல் கிடந்த குப்பைமேடு எழும்பி நின்று தமிழில் கத்தியது, நில்லுங்கோ, பட்டிட்டுது, எனக்குத் தெரியும், இருங்கோ, நடக்காதேங்கோ. பாலத்தடியில் இருந்த அத்தனை பேரும் அவனைச் சுட்டார்கள், முகக்கவசத்தில், கழுத்தில், கையில் எல்லாம் சுள்சுள்ளென்று விழுந்தது, அவன் ஹிட் என்று சொல்லவில்லை, சரிவில் இறங்கி நடந்துகொண்டேயிருந்தான், சுடுவதை அவர்களாகவே நிறுத்தினார்கள்.

மெலிந்தவன் பாலத்தின் முதல் பலகையில் நின்றிருந்தான், ஐம்பது வயது இருக்கும், கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது, முகக்கவசத்துக்குள் மயூரதனின் கண்களைக் கண்டதும் மெல்லக் கையை உயர்த்தினான், மன்னித்துக்கொள், பட்டது, தெரியும், இன்னும் கொஞ்சத் தூரம்தான் இருந்தது, நான் சொல்லியிருந்தால் முன்னால் போகிற பையன்கள் நின்றிருப்பார்கள், அதனால்தான், என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், சொல்லிவிட்டுக் கை கொடுத்தான். மயூரதன் அந்தக் கையைப் பிடித்தான், விடத் தெரியவில்லை, அவனுடைய வயிற்றைப் பார்த்தான், சட்டை உலர்ந்துதான் இருந்தது, ஒரு புள்ளிகூட இல்லை. பிறகு இருவரும் சிவப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு சேர்ந்தே நடந்தார்கள், பின்னால் மண்நிறப் படை பாலத்தைக் கடந்து கூச்சலிட்டது, இந்த ஜென்மத்தில் உன்னோடு படுக்கமாட்டேன் என்று கிரஹாம் புதருக்குள்ளிருந்து கத்தினார், அதன் அர்த்தம் அவருக்கே பிறகுதான் பிடிபட்டிருக்கும்.

கூடாரத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் பீப்பாய்மேல் குந்தியிருந்து அம்மாவுக்குப் போன் எடுத்தான். அங்கே ஐந்து மணி தாண்டியிருக்கும், என்ன தம்பி, திங்கள் எண்டாய், என்றாள். அம்மா, அப்பாவுக்குப் பட்டது, என்றான். தூரத்தில் தண்ணீர் மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது, அது நின்றது, அவள்தான் நிறுத்தியிருக்க வேண்டும். எங்க, என்றாள். வயித்தில. நீ பாத்தனியே. ஓமம்மா. விழுந்ததையும் பாத்தனியே. ஓம், பாத்தனான், அவர் சொல்ல வேண்டாமெண்டவர், நீங்கள் நிண்டிடுவியள் எண்டு. இனிப் பேசுவாள், பதினாறு வருஷத்தையும் ஏழு படிவங்களையும் எடுத்து அவன் தலையில் போடுவாள், போடட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு இருந்தான், அவள் அதொன்றையும் கேட்கவில்லை, ஒன்றைத்தான் கேட்டாள், நான் அவரைப் பேசினனே தம்பி, கெதியா நடவுங்கோ எண்டு, ஆடி அசைஞ்சு வாறியள் எண்டு, அப்ப அவருக்குப் பட்டிருந்ததோ. மயூரதன் தலையில் கிடந்த சிவப்புத் துணியை இழுத்து முகத்தைத் துடைத்தான். இல்லையம்மா, என்றான், அப்ப படேல்ல, அதுக்குப் பிறகுதான். அம்மா ஒரு மூச்சு விட்டாள், அப்ப சரி, என்றாள், காலஞ்சென்ற எண்டே போடச் சொல்லுறன், என்றாள், போனை வைச்சிடாத, கொஞ்ச நேரம் அப்பிடியே நில்லு, என்றாள், பிறகு பதினாறு வருஷம் பிந்தித் தன் புருஷனுக்காக அழத் தொடங்கினாள். உன்னுடைய பத்து நிமிஷம் முடிந்துவிட்டது, எழும்பிப் போகலாம் என்று கூடாரத்துக்காரப் பெண் வந்து சொன்னாள், இன்னும் இல்லை என்று அவளுக்குக் கையைக் காட்டிவிட்டு அவன் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தான்.