பிரேக் போடாத இடம்

ஆறு வயதுப் பெண் குழந்தையின் விலை இருநூறு கில்டர். நீதிபதி தன் கறுப்பு அங்கிக்குள்ளிருந்து ஒரே மூச்சில் சொன்ன விலை அது. அதே வாரம் லுப்பர்ட்டின் கண்ணாடிக் கடையில், பொன்முலாம் சட்டம் போட்ட நடுத்தரக் கண்ணாடி ஒன்றுக்கு இருநூற்றைம்பது என்று சீட்டு ஒட்டியிருந்தது.

தொகைகூட அந்தக் குழந்தையின் தாய் வீட்ஸ்கேயை அப்படி எரிக்கவில்லை. முட்டைக்காரியிடம் ஒரு சென்ட்டுக்காக அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கிறவன் லுப்பர்ட். அவன் அந்த அபராதத்தை முணுமுணுக்காமல் மறுநாளே கட்டிவிட்டான். சனிக்கிழமைச் சந்தையில் துணி விற்று வளர்ந்தவள் அவள். வியாபாரி பேரம் பேசாமல் பணத்தை நீட்டினால், அவன் பயந்ததைவிடச் சரக்கு மலிவாகக் கிடைத்துவிட்டது என்று பொருள். அது அவளுக்குத் தெரியாதா?

மகள் ஃபெம்கே பள்ளிவிட்டு வந்து தெருவைக் கடந்தபோது, வாய்க்கால் பாலத்திலிருந்து இறங்கி வந்த லுப்பர்ட்டின் வேன் அடித்து அங்கேயே இறந்தாள். அவன் கடை வாசலுக்கு நேர் எதிரே. வீட்ஸ்கேயின் வீட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற இடம். கண்ணில் வெயில் அடித்தது என்று நீதிமன்றத்தில் சொன்னான். அன்று சாயங்காலமே பீர்க் கடையில் சொன்னது வேறு. "பின்னாடி பன்னெண்டு ஆளுயரக் கண்ணாடிப்பா. திடீர்னு மிதிச்சா என்னாகும், நீயே சொல்லு?" அந்தப் பேச்சு விடிவதற்குள் வீட்ஸ்கேயின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அந்தத் தெருவில் பாலைவிட வம்பு சீக்கிரம் வந்து சேரும்.

அந்த வசந்தத்தில் தெருவின் தாய்மார்கள் சைக்கிள்களைக் குறுக்கே சாய்த்துவிட்டு நடுத்தெருவில் படுத்தார்கள். கார்க்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் வாரம் நகராட்சி இறங்கி வந்தது. தெருவைத் திருத்துவது என்று முடிவானது. கெர்பென் என்ற இளம் பொறியாளர் வரைபடச் சுருளோடு வந்தார். ஒருவழிப் பாதை, இரண்டு பக்கமும் சைக்கிளுக்குத் தனித்தடம், அகலமான நடைபாதை, நடுவில் செங்கல்லால் மேடுகட்டிய வேகத்தடை ஒன்று.

வேகத்தடை வரைபடத்தில் ரூலோஃபின் பாலாடைக்கட்டிக் கடைக்கு முன்னால் இருந்தது. வீட்ஸ்கேக்கு அது அங்கே வேண்டாம். நாற்பது அடி இந்தப் பக்கம், கண்ணாடிக் கடை வாசலில், அவள் மகள் விழுந்த அதே இடத்தில் வேண்டும். அவன் அன்றைக்குப் போடாத பிரேக்கை இனி ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் போடவேண்டும். அவளுக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கடைக்காரர் சங்கத் தலைவர் லுப்பர்ட். அவன் தலையாட்டாமல் அந்தத் தெருவில் பூந்தொட்டிகூட நகராது. அவனிடம் போய்க் கேட்பாளா? கேட்டால் கிடைக்காது என்பதைச் சந்தை அவளுக்குப் பால்குடிக்கும்போதே சொல்லிக் கொடுத்திருந்தது. தனக்கு வேண்டிய துண்டை எவள் கையில் எடுத்துத் தடவுகிறாளோ அவள் இரட்டை விலை கொடுப்பாள்.

பள்ளிக்கூடக் கூடத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம். ஆளுக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட். இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீள்வதற்குள் டப்பாவை மூடிவிடுகிற ஊர் அது. லுப்பர்ட் எழுந்து சைக்கிள் தடம் வேண்டாம் என்றான், அகல நடைபாதை வேண்டாம் என்றான், வேகத்தடை என்றதும் சிரித்தான்.

"ஏங்க, கார் வந்தாத்தானே காசு வரும்? தெருவுல மேடு கட்டி வெச்சா எவன் வருவான்? ஆடுமாடு மேய்க்கவா போறோம்?"

கூடம் சிரித்தது. வீட்ஸ்கே எழுந்தாள். சிரிப்பு நின்றது.

"முதலாளி சொல்றது ஒருவகையில சரிதான்," என்றாள். "ஆனா ரூலோஃப் அண்ணனுக்கு அதிர்ஷ்டம்தான். ஒவ்வொரு காரும் அவர் கடை முன்னாடி வந்து ஆமை மாதிரி ஏறி இறங்கணும். உள்ள உக்காந்திருக்கிறவங்க பார்வை வேற எங்க போகும்? நேரா பாலாடைக்கட்டி மேலதான். நாள் முழுக்க, இலவசமா."

ரூலோஃபுக்கே இது அப்போதுதான் உறைத்தது. வாயில் இருந்த பிஸ்கட்டை மெல்ல மறந்தார். லுப்பர்ட்டின் கண் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை வீட்ஸ்கே நன்றாக அறிவாள். துணி வாங்க வந்தவர்கள் விரலால் நூலைச் சோதிக்கும்போது வருகிற சுருக்கம்.

"பாலாடைக்கட்டிய எவன் கார்லருந்து பார்ப்பான்?" என்றான் லுப்பர்ட். "பார்க்கிற சரக்கு கண்ணாடிதான். பொறியாளர் தம்பி, அந்த மேட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி, என் கடை முன்னாடி கட்டுங்க. அப்படின்னா சங்கம் யோசிக்கும்."

"அங்க வேண்டாம்," என்றாள் வீட்ஸ்கே.

"ஏன் வேண்டாம்?"

சொல்லப்போவது பொய்க்காகச் செலவழிக்கிற மெய். அதை எடுத்து மேசைமேல் வைக்க நெஞ்சு கூசியது. ஆனாலும் வைத்தாள்.

"அது எம் பொண்ணு விழுந்த இடம். அங்க கல்லைப் பேத்து ஏதாச்சும் கட்டினா என்னால பார்க்க முடியாது, முதலாளி. வேற எங்க வேணா கட்டிக்கோங்க."

ஒரு கிழவி தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மனிதனாகப் பிறந்தவன் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பான். அவன் மூடினால் தன் திட்டம் பாழ் என்பது வீட்ஸ்கேக்குத் தெரியும். எந்த அளவுக்குத் தெரியுமோ அந்த அளவுக்கு, அவன் மூடமாட்டான் என்பதும் தெரியும்.

"வருத்தமாத்தான் இருக்கு, அம்மா," என்றான் லுப்பர்ட். "யாரு இல்லேன்னாங்க? ஆனா துக்கம் வேற, வியாபாரம் வேற. கட்டினா என் வாசல்ல கட்டணும். இல்லேன்னா சங்கம் ஒத்துக்காது."

பின்வரிசையில் யாரோ, "தூ," என்றார்கள்.

வீட்ஸ்கே தலையைக் குனிந்தாள். பிறகு, "அப்ப சைக்கிள் தடத்துக்கும் நடைபாதைக்கும் சங்கம் தலையாட்டணும்," என்றாள். "சும்மா விட்டுத்தர முடியாது."

"எடுத்துக்கோங்க," என்றான் அவன், பெரிய மனது பண்ணி.

பொறியாளர் கெர்பென் வரைபடத்தில் பழைய கோட்டை அழித்துப் புதுக் கோடு போட்டார். வெளியே வரும்போது அவளிடம் மெதுவாக, "மன்னிச்சிடுங்கம்மா, என்னால ஒண்ணும் செய்ய முடியல," என்றார்.

"நீங்க செஞ்சது போதும் தம்பி," என்றாள் வீட்ஸ்கே.

கோடையில் கல்பாவுகிறவர்கள் முட்டிபோட்டுச் செங்கல்லைப் பெயர்த்து, மணலைக் கொட்டித் தட்டி, மேட்டைக் கட்டினார்கள். பிள்ளைகள் சைக்கிள் தடத்தில் வரிசையாகப் பள்ளிக்குப் போனார்கள். லுப்பர்ட் ஒருவாரம் வாசலில் நின்று, ஊர்ந்து போகிற கார்களுக்கெல்லாம் முகம் காட்டினான்.

இரண்டாம் வாரம் சரக்கு வந்தது. தெரு இப்போது ஒருவழி. கடைக்குப் பின்னால் வாய்க்கால். வேன் கடைவாசலுக்கு வரவும் போகவும் அந்த மேடு ஒன்றுதான் வழி. முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரம் இறங்கியது, உள்ளே ஓர் ஆளுயரக் கண்ணாடி இரண்டாயிற்று. அதற்கடுத்த தடவை இழவு வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்தே வந்தான். வேன்தான் நடந்தது, அவன் உள்ளே வியர்த்துக்கொண்டிருந்தான். மேட்டுக்கு முன்னால் பிரேக், மேட்டின்மேல் பிரேக்.

அவன் நகராட்சிக்கு ஓடினான். மேட்டைப் பெயர்த்து ரூலோஃப் பக்கம் தள்ளச் சொன்னான். "நீங்களே கேட்டதுதானே ஐயா, அந்த அம்மா கெஞ்சினது மொத்தத் தெருவுக்கும் ஞாபகம் இருக்கு," என்றார் கெர்பென். சங்கத்தைக் கூட்டினான். ஒருவரும் வரவில்லை. ரூலோஃப் மட்டும் வந்து ஒரு துண்டு பாலாடைக்கட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஊரில் ஜன்னலுக்கு வெளியே சின்னக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து மாட்டி, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெருவைப் பார்ப்பார்கள். வீட்ஸ்கே அப்படி ஒன்று வாங்க லுப்பர்ட்டின் கடைக்கே போனாள்.

"விலை வேண்டாம், எடுத்துட்டுப் போங்க," என்றான் அவன். பல நாள் தூங்காத முகம்.

"இனாமா வாங்கிப் பழக்கமில்ல. எவ்வளவு?"

"பதினெட்டு."

"பதினாறு."

பதினேழுக்கு முடிந்தது. அவள் எண்ணி வைத்தாள். அவன் காசைத் தொடவில்லை.

"நீங்க வேணும்னேதான் செஞ்சீங்க, இல்ல?"

"அந்தக் கூட்டத்துல என்ன கேட்டீங்களோ அதத்தான் வாங்கிட்டீங்க, முதலாளி."

"ஒவ்வொரு தடவையும் பிரேக்குல கால வெக்கும்போது..." அவன் நிறுத்தினான். "எவ்வளவு வேணும், சொல்லுங்க. தர்றேன். நீங்க சொன்னா நகராட்சி கேக்கும்."

"சரக்குல சீட்டு ஒட்டறது உங்க தொழில்," என்றாள் வீட்ஸ்கே. "நீங்க இருநூறு கட்டின சரக்கு எங்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப இல்ல."

அன்றே கண்ணாடியை ஜன்னலில் மாட்டி, கோணம் பார்த்துத் திருகினாள். திரைச்சீலை கிடையாது, அவன் மேட்டில் ஏறும்போதெல்லாம் அவள் உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரியும். அந்தத் தெருவில் பிறகு ஒரு பிள்ளையும் அடிபடவில்லை. தெருவுக்கு அது லாபம். வீட்ஸ்கேயின் கணக்கு வேறு.

நாளொன்றுக்கு ஆறு தடவை, ஞாயிறு விடுமுறை, கோடையில் இரண்டு வாரம் கடையடைப்பு. முதல் வருஷ முடிவில் வரவு: ஆயிரத்து எண்ணூறு பிரேக். பாக்கி: ஒன்று.