ஏழாம் சூளையின் தீ

வெல்டன் ஃபோர்ட் ஊரில் சூளை ஆலையை மூடி இருபத்தெட்டு வருஷமாகியும் ஏழாம் சூளை ஆறவில்லை. குளிர்காலத்தில் மற்ற சூளைகளின் மேல் முழங்காலளவு பனி கிடக்கும், ஏழாவதின் மேல் பூனைகள் கிடக்கும். வயலடியில் பதிக்கும் வடிகால் குழாய்களை அங்கே சுட்டார்கள். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பாதிச் சதுப்பு நீர் வடிந்து சோளக்காடானது அந்தக் குழாய்களால்தான். ஆலைக்குப் பின்னால் பதினோரு ஏக்கர் மட்டும் ஏர் படாத புல்வெளியாகத் தப்பியது. களிமண் குழியில் மழை பெய்தால் கல்லாகிப்போன கடல் சிப்பிகள் வெளியே வரும், யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம்.

லவோன் குபிச்செக் பத்தொன்பது வருஷம் அங்கே சூடு ஆறாத குழாய் சுமந்தவள், உள்ளங்கையில் ரேகை கிடையாது. மாவட்ட சபை குழியையும் புல்வெளியையும் குப்பைக்கிடங்காக்க நினைத்தபோது, பூங்காவாக்கச் சொல்லி மனுக் கொடுத்தாள். சபைக்காரர் தோர்சன் ஜூலையில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்: பழைய புல் இருந்தால் பூங்கா, இல்லாவிட்டால் கிடங்கு. புல் எங்கே இருந்தது? ஜூனிபர் புதர்தான் மண்டிக் கிடந்தது. முன்பெல்லாம் வசந்தத்தில் சூளைப் பொறி விழுந்து புல்வெளி எரியும், திட்டிக்கொண்டே ஈரச் சாக்கோடு அணைக்க ஓடுவார்கள். அந்தப் பாழாய்ப்போன தீதான் புதரை அண்டவிடாமல் புல்லைக் காத்தது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

ஏப்ரலில் ஒரு காலை, செங்கல் வைத்து அடைத்த ஏழாம் சூளை வாசலைக் கடப்பாரையால் இடித்தாள். அந்நாளில் சூளைக்குத் தீ போட்ட மெர்ல் காப்பியோடு வந்து நின்றான்.

“அறுபத்தாறு வயசுல இதெல்லாம் தேவையா? இடுப்பு பிடிச்சுக்கும், பாத்துக்க.”

“நீ ஒழுங்கா அணைக்காம விட்ட சூளைதானே? வாயை மூடிட்டு ஒரு கை பிடி.”

“அணைச்சேன். அதுதான் கேக்கல, உன்ன மாதிரியே.”

தீ வெளியே வந்தது. கறவைக்குப் போகும் மாடு போல அவள் பின்னாலேயே நடந்தது. அவள் போன இடமெல்லாம் புதர் பொசுங்கியது. சாலையோரம் வந்ததும், “போதும், உள்ள போ” என்றாள். போனது. இருவரும் வாசலை மறுபடி அடைத்தார்கள், காப்பி அதற்குள் ஆறிவிட்டது.

ஜூலையில் புல் தோர்சனின் தொப்பிக்கு மேல் நின்றது. நாற்பது வகைச் செடி எண்ணிக் குறித்து, கை வலித்து, பூங்கா என்று எழுதினார். போகும்போது ஒரு சிப்பியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலிலும் லவோன் வாசலைத் திறக்கிறாள். நுழைவில் ஒரு பலகை இருக்கிறது: சிப்பி எடுத்துச் செல்லலாம். பூப் பறிக்காதீர்கள். தீ வந்தால் வழி விடுங்கள். வருகிறவர்கள் குழந்தை வண்டியை ஓரமாகத் தள்ளி, வழி விடுகிறார்கள்.